ஒப்பேற்றிய சோறு

எங்கள் வீட்டில் 'ஒப்பேத்துறது' என்ற சொல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது காதில் விழும். சொல்வது அப்பாயி. "இன்னைக்கும் புள்ளைக்குத் தயிர்ச்சோத்தப் போட்டு ஒப்பேத்தியாச்சா?" அம்மா பதில் சொல்ல மாட்டார். பதில் சொல்ல நின்றால் ஒன்றாம் நம்பர் பஸ் போய்விடும்.

1980களின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. அம்மாவுக்குத் திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. இருவரும் சம்பளம் வாங்கினார்கள். இருவரும் காலையில் ஓடினார்கள். ஆனால் என் சாப்பாட்டு டப்பாவுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வி ஒருவரிடம் மட்டும்தான் கேட்கப்பட்டது.

டப்பாவுக்குள் இருந்தவற்றை இப்போதும் என்னால் கிழமை வாரியாகச் சொல்ல முடியும். திங்கள் தயிர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். செவ்வாய் எலுமிச்சைச் சோறு. புதன் பருப்புப்பொடி, நெய் விட்டுப் பிசைந்த சோறு. வியாழன் மறுபடியும் தயிர். வெள்ளிக்கிழமை உப்புமா. மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார். "ஆமா டீச்சர்" என்றேன். "டப்பாவப் பாத்தாலே தெரியுது" என்றார். அதில் கேலி இருந்தது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அன்று இரவு அம்மா அரிசி களைந்துகொண்டே அழுதார்.

வரலாறு சொல்லிக்கொடுப்பதுதான் இன்று என் தொழில். அரசர்களின் மெய்க்கீர்த்தி முதல் பஞ்ச காலத்து நிவாரணக் கணக்குவரை வகுப்பில் பேசியிருக்கிறேன். அந்த டப்பாவைப் பற்றி எழுதலாம் என்று தோன்ற எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று. அவசரத்துக்குப் பிள்ளைகளுக்குப் போடும் சோற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் முக்கியமான ஒரு நாள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

*

முதலில் 'ஒப்பேத்துறது' என்ற குற்றச்சாட்டையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பருப்புப்பொடிச் சோறு பிசைய ஐந்து நிமிடம் போதும். ஆனால் பொடி தானாக டப்பாவில் வந்து விழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மற்றவர்கள் படுத்திருக்கும் நேரத்தில், அம்மா துவரம்பருப்பையும் பொட்டுக்கடலையையும் மிளகாயையும் தனித்தனியாக வறுப்பார். மிளகாய் நெடியில் வீடே இருமும். ஆறவைத்து, உரலில் இடித்து, சலித்து, கப்பியை மறுபடி இடித்து, உப்பும் பெருங்காயமும் கலந்து பாட்டிலில் அடைப்பார். தயிர்ச்சோறு என்றால் முந்தின இரவே பாலைக் காய்ச்சி, சூடு பார்த்து, உறை ஊற்ற வேண்டும். நார்த்தங்காய் சித்திரை வெயிலில் காய்ந்தது. ஆக, புதன்கிழமை காலையின் ஐந்து நிமிடம் என்பது ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மணி நேரம். வேலை குறையவில்லை. வேறு நேரத்துக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே சோறு வேறு இடத்தில் வேறு மதிப்பைப் பெறுவதையும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியைப் பார்த்து உட்கார்ந்து எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் தயிர்ச்சோறும் சாப்பிட்டால் அதற்குப் பெயர் சித்ரான்னம், அது விசேஷம். கோயில் மடப்பள்ளியில் ஆண்கள் கலந்த புளியோதரையும் தயிர்சாதமும் தொன்னையில் வந்தால் அது பிரசாதம், வரிசையில் நின்று வாங்குவோம். துலுக்க நாச்சியாரின் நினைவாகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கம் இங்கே உண்டு. எளிய உணவுதான், யாரும் குறை சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி தன் மகளின் டப்பாவில் அதே எலுமிச்சைச் சோற்றை அடைக்கும்போதுதான் அது சோம்பேறித்தனம் ஆகிறது. சோற்றில் வித்தியாசம் இல்லை.

*

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். கொள்ளிடக் கரைப் பக்கமிருந்து நடந்து வருவார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குக் காலையில் என்ன கொடுத்தாய் என்று அம்மா கேட்டால், "என்னத்தக்கா, பழையதுதான்" என்பார். முந்தின இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, உப்பு, சின்ன வெங்காயம். லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கத்து வயல்களில் விடியும் முன்னே நடவுக்கு இறங்கிய பெண்களின் வீடுகளிலும் அதுதான் காலை உணவு. தலைமுறை தலைமுறையாக அதுதான்.

அந்த அக்காவை அப்பாயி ஒருநாளும் 'ஒப்பேத்துறா' என்று சொன்னதில்லை. இது எனக்கு மிகப் பின்னால்தான் உறைத்தது. பிள்ளைக்கு வகையாகச் சமைத்துப் போட வேண்டிய பெண் என்ற கணக்கிலேயே அவர் வரவில்லை. அவர் உழைக்க வேண்டியவர், அவ்வளவுதான். சோம்பேறி அம்மா என்று திட்டு வாங்கக்கூட நம் சமூகத்தில் ஒரு சாதியும் ஒரு வர்க்கமும் தேவைப்பட்டன. அம்மாவின் அவமானமும் அக்காவின் பசியும் ஒரே அடுக்களையில்தான் நின்றன. ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

*

1982 ஜூலை 1 அன்று, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் திருவெறும்பூர் பக்கத்தில் உள்ள பாப்பாக்குறிச்சியில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கிராமப்புறங்களில் 2 வயது முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு முதலில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984இல் 15 வயது வரை நீண்டது.

பள்ளியில் சோறு போடுவது அன்று புதிதல்ல. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் அதைத் தொடங்கியிருந்தது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாகாணம் முழுவதற்கும் கொண்டுபோனார். ஆனால் 1982இல் வந்தது அளவிலும் அமைப்பிலும் வேறு. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை. பிள்ளைக்குச் சோறு போடுவது என்ற, பெண்கள் வீட்டில் கூலியில்லாமல் செய்துவந்த வேலை, இவ்வளவு பெரிய அளவில் சம்பளப் பட்டியலில் ஏறியது.

இந்தத் திட்டம் தன் குழந்தைப் பருவப் பட்டினியிலிருந்து வந்தது என்று எம்.ஜி.ஆர். சொன்னார். அழ மட்டுமே தெரிந்த வயதில் பசித்துக் கிடந்தபோது அடுத்த வீட்டுப் பெண் ஒருவர் கொடுத்த கஞ்சிதான் தங்களைக் காப்பாற்றியது என்பது அவர் சொன்ன நினைவு. தலைவர்களின் கருணையாக நாம் படிக்கும் வரலாற்றுக்குள் இப்படி ஒரு பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பசித்த பிள்ளைக்கு அவர் வடை பாயசம் சமைத்துக் கொண்டுவரவில்லை. வீட்டில் இருந்த கஞ்சியை எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு அந்த வருடம் நான் படித்த பள்ளியிலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரே நாளில் அவர் 'சத்துணவு ஆயா' ஆனார்.

*

பள்ளியில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தோம். டப்பா கொண்டுவருகிறவர்கள், தட்டு கொண்டுவருகிறவர்கள். டப்பாக்காரர்கள் வகுப்பறையில் சாப்பிட்டோம். தட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்தார்கள். இந்தப் பிரிவை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அம்மாவுக்கு டைபாய்டு. மூன்று நாள் அப்பாயி சமைத்தார். நாலாம் நாள் அவருக்கும் முடியவில்லை. அப்பா வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். கடையில் இட்லி வாங்கி வரட்டுமா என்று கேட்டார், நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அம்மா படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கொடுத்தார். "இன்னைக்கு அங்க சாப்டுக்கடா கண்ணு."

அப்பாயி எழுந்தே விட்டார். "நம்ம வீட்டுப் புள்ள பிச்சச்சோறு திங்கணுமா?"

அம்மா அன்றுதான் முதல்முறையாகத் திருப்பிச் சொன்னார். "அது பிச்சை இல்ல அத்தை. கவர்மென்ட்டுச் சோறு. சமைச்சவளுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. எனக்குக்கூட அது இல்ல."

மரத்தடியில் ஆயா என்னைப் பார்த்ததும் ஒரு நொடி கரண்டியை நிறுத்தினார். பிறகு சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, "சாப்டு. உங்கம்மாவுக்கு ஒரு நாளாச்சும் ஓய்வு" என்றார். சோற்றில் விறகுப் புகை வாசம் இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான். எனக்கு நினைவிருப்பது ருசி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவின் மகள், தன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ ஏன் இங்க வந்த?" என்று கேட்டதுதான்.

வருடங்கள் கழித்து ஆயாவைப் பார்க்கப் போனபோது ஒன்று சொன்னார். சத்துணவு வேலைக்குச் சேர்ந்த பிறகும் தன் பிள்ளைகளுக்குக் காலையில் பழையதுதான். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு, தலைக்கு 100 கிராம் என்று அளந்து வாங்கிய அரிசியைக் கல் பொறுக்கி, களைந்து, விறகடுப்பில் ஏற்ற வேண்டும். "ஊருப் புள்ளைகளுக்கு நான் சமைச்சேன். எம்புள்ளைகளுக்கு நானும் ஒப்பேத்துனவதான்" என்று சிரித்தார். விறகுப் புகையில் கண் இரண்டும் கலங்கியே இருந்தன.

*

வீட்டு வேலை பொது வேலையானால் பெண்ணுக்கு விடுதலை என்று பெண்ணியம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. பொதுச் சமையலறைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் பெண் விடுதலையின் முளைகள் என்று 1919இல் லெனின் எழுதினார். சத்துணவு மையம் அப்படி ஒரு முளைதான். ஒரு வேளைச் சோறு அம்மாவின் கையிலிருந்து ஊரின் கைக்கு மாறியது. பள்ளிக்கு வந்த பெண் குழந்தைகளுக்கு அது என்ன செய்தது என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. ஆனால் ஊரின் கை என்றால் யாருடைய கை என்று பார்த்தால், அதுவும் பெண்ணின் கைதான். அதுவும் மலிவான கை. தொகுப்பூதியத்தில் தொடங்கி, பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற தனிக் கணக்குக்கு வந்த சத்துணவு ஊழியர்கள், முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு இன்னும் தெருவில் உட்கார்கிறார்கள்.

சாதியும் அடுப்படியை விடவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பூட்டுப் போட்டுப் போராடினார்கள். அவருக்கு முதலில் இடமாற்றம்தான் கிடைத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை ரத்தானது. வீட்டில் சமைத்தால் ஒப்பேற்றுகிறவள், வெளியே சமைத்தால் தீட்டு. பெண்ணின் கைக்கு எந்த அடுப்பிலும் நற்சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை.

*

இயந்திரங்கள் வந்து சுமையைக் குறைத்துவிட்டன என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை. 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய மாவரைக்கும் கிரைண்டர், ஆட்டுக்கல்லைச் சுற்றிய தோள்களுக்குக் கிடைத்த உண்மையான விடுதலை. 2011இல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தபோது அதைக் கேலி செய்தவர்களில் ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஆட்டுக்கல் இருந்த காலத்தில் இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். கிரைண்டர் வந்த பிறகு அது தினசரி டிபன் ஆனது. இட்லி என்றால் சட்னி, சட்னி என்றால் இரண்டு வகை. மிச்சமான நேரத்தை அம்மா தனக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலின் பெயரே 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்ற பொருள் தரும். வீட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்துவந்த பங்கைத்தான் குறைத்தன, எதிர்பார்ப்பு உயர்ந்ததால் அம்மாவின் பங்கு குறையவில்லை என்று அவர் காட்டினார். கோவன் எழுதிய சமூகம் வேறு. எங்கள் வீட்டுக் கதைக்கும் அது பொருந்துகிறது.

அதே 1983 வாக்கில்தான் மேகி இந்தியக் கடைகளுக்கு வந்தது. இரண்டே நிமிடம் என்று விளம்பரம் வந்தது. அவசரத்துக்கு வாங்கிய குற்றவுணர்வுக்கு எந்தப் பாக்கெட்டிலும் மருந்து இல்லை.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். கிரைண்டரும் குக்கரும் மேகியும் வந்த பிறகான கணக்கு இது. என் அப்பாவின் 1983ஆம் ஆண்டுக் கணக்கு இதில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். செய்கிற ஆண்களுக்கான சராசரியில் அவர் வரவே மாட்டார்.

*

உப்புமாவைப் பற்றி ஒரு வார்த்தை. சோம்பேறிச் சமையல் என்றால் தமிழர் வாயில் முதலில் வரும் பெயர் அதுதான். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷன் வந்தது. அரிசி மட்டுமே தெரிந்த வீடுகள் கோதுமையோடு பழக வேண்டியிருந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உதவித் தானியம் பள்ளி மதிய உணவுக்கு வந்தது. பஞ்சத்துக்கும் பற்றாக்குறைக்கும் நடுவில் பெண்கள் இருப்பதைக் கிண்டி இறக்கிய வரலாற்றின் மிச்சம்தான் அந்தக் கேலி.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் அதே உப்புமா இருக்கிறது. கிச்சடியும் பொங்கலும் உண்டு. சுய உதவிக்குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். திட்டம் விரிந்த சில நாளில் ஒரு நாளிதழ், பிள்ளைகள் வீட்டிலும் சாப்பிட்டுப் பள்ளியிலும் சாப்பிடுகிறார்கள், கழிப்பறை நிரம்புகிறது என்று தலைப்புப் போட்டது. எல்லா வீட்டிலும் காலை எட்டு மணிக்கு ஓர் அம்மா சுடச்சுட டிபன் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்ற நம்பிக்கை அந்தத் தலைப்பை எழுதியவருக்கு இருந்திருக்க வேண்டும். கொள்ளிடக் கரை அக்காவின் வீட்டை அவர் பார்த்ததில்லை. எங்கள் வீட்டையும் பார்த்ததில்லை.

*

என் மகள் படிக்கும் பள்ளியில் வருடத் தொடக்கத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை டப்பாவில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். தலைப்பில் 'அன்புள்ள அம்மாக்களுக்கு' என்று இருந்தது. நான் அதைக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டவும் செய்தேன். படித்த, சம்பாதிக்கிற, பெண்ணியக் கூட்டங்களில் பேசுகிற நானும் தயிர்ச்சோறு கொடுத்தனுப்பும் நாளில் டப்பா மூடியை ஒரு முறைக்கு இரண்டு முறை அழுத்தி மூடுகிறேன். யாரும் திறந்து பார்த்துவிடக்கூடாது என்பது போல.

போன மாதம் அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தார். காலையில் அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னடி, புள்ளைக்கு வெறும் தயிர்ச்சோறா?" அப்படியே அப்பாயியின் குரல். நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் நின்றார்.

"நானும் உனக்கு ஒண்ணும் வகையா செஞ்சு போடல" என்றார் பிறகு.

"ஞாயித்துக்கிழமை பொடி இடிச்சது யாரும்மா?" என்றேன்.

"அது ஒரு வேலையா?" என்றார்.

நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கேள்விக்காகத்தான். அது வேலைதான். அம்மா உரலில் இடித்தது வேலை. ஆயா புகையில் கிண்டியது வேலை. இன்று ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கும் பெண் விடிகாலையில் அரிசி ஊறவைப்பதும் வேலை. நம் அவசரத்துக்கு அவர் வீட்டில் ஒருத்தி நேரத்தைக் கொடுக்கிறார். பிள்ளையின் டப்பாவைத் திறந்து பார்ப்பவர்கள் இனிமேல் அம்மா வேலைக்குப் போகிறாரா என்று கேட்க வேண்டாம். இதை யார் செய்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், அவருக்கு என்ன கிடைத்தது, அப்பா அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கட்டும்.

அம்மாவிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. மாதுளை உரித்துத் தயிர்ச்சோற்றின் மேல் தூவலாம் என்று அவர் எழுந்தார். "வேண்டாம்மா, உட்காருங்க. அப்படியே போகட்டும்" என்றேன். டப்பாவை மூடி மகளிடம் கொடுத்தேன். ஒரு முறை மட்டும் அழுத்தி.